ஹோ போ என்றொரு பட்டை

அம்மாவுக்குத் தொண்டையில் புளியங்கொட்டை மாட்டிக்கொண்டது 2018-ஆம் வருடக் கோடையில். நிஜக் கொட்டை இல்லை. "முழுங்கினா இறங்க மாட்டேங்குது, துப்பினா வர மாட்டேங்குது. புளியங்கொட்டை ஒண்ணு குறுக்கே நிக்கற மாதிரியே இருக்குடா" என்பாள். சோறு தாராளமாக இறங்கியது. மோரும் இறங்கியது. வெறும் எச்சிலை விழுங்கும்போதுதான் கொட்டை வந்து நிற்கும். அப்பா போனபின் முதல் தடவையாக எங்களோடு ஆறு மாதம் இருக்கலாமென்று கலிஃபோர்னியாவுக்கு வந்திருந்தாள். பகல் முழுக்க நானும் மனைவியும் அலுவலகத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நாலு சுவரும் தொலைக்காட்சியும் அவளுமாக ஒரு வீடு.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். இதற்கு 'குளோபஸ்' என்று பெயராம். லத்தீனில் உருண்டை. பழைய மருத்துவப் புத்தகங்களில் இந்தப் பெயருக்கு 'ஹிஸ்டீரிகஸ்' என்று ஒரு வாலும் உண்டு. பெண்கள் சொல்கிற வலியெல்லாம் கற்பனை என்று நினைத்த காலத்து வால். நல்லவேளையாக இப்போது வெட்டிவிட்டார்கள். கொட்டைக்குப் பெயர் கிடைத்துவிட்டது, கொட்டை அங்கேயே இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் சீனாவின் செங்டு நகரத்துக்காரர், என்னோடு ஒரே குழுவில் நிரல் எழுதுபவர். நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி, "மெய் ஹே சீ" என்றார். பிளம் கொட்டைச் சீ! எங்கள் ஊர்ப் பாட்டிமார் எல்லோருக்கும் தெரிந்த வியாதி, அதற்கு ஒரு பட்டைக் கஷாயம் இருக்கிறது என்றார். அம்மாவின் புளியங்கொட்டை சீனத்தில் பிளம் கொட்டையாக முளைத்திருந்ததில் எனக்கு ஒரே ஆச்சரியம். அந்தச் சனிக்கிழமையே என்னை சான்ஃபிரான்சிஸ்கோ சைனாடவுனில் ஒரு மருந்துக் கடைக்கு இழுத்துப் போனார்.

நம் நாட்டு மருந்துக் கடைதான். சுவர் நிறைய மர இழுப்பறைகள், கலவையாக ஒரு வாசனை, சின்னத் தராசு. கடைக்காரப் பெரியவர் ஓர் இழுப்பறையிலிருந்து சுருட்டிய பட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரியாணிப் பட்டையின் பெரியப்பா மாதிரி இருந்தது. இரண்டு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு, வெளியே சாம்பல் பழுப்பும் உள்ளே கருஞ்சிவப்புப் பழுப்புமாக. உட்புறத்தை நகத்தால் கீறிக் காட்டினார். எண்ணெய்க் கோடு விழுந்தது. ஒடித்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பினால் உப்புத் தூள் மாதிரி சின்னச் சின்ன மினுக்கங்கள். தடிமன், எண்ணெய்ப் பசை, மினுக்கம் மூன்றும் இருந்தால் நல்ல சரக்காம்.

அதுதான் ஹோ போ. 'ஹோ' என்றால் தடித்த. 'போ' என்றால் மரப்பட்டை, கி.பி. 100 வாக்கில் தொகுக்கப்பட்ட 'ஷுவோவென்' என்ற சீன அகராதியே அந்த எழுத்துக்கு அப்படித்தான் பொருள் சொல்கிறது. ஆக 'தடித்த பட்டை'. மருந்துக்குப் பெயர் வைக்க அலட்டிக்கொள்ளாத ஜனங்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். பெயர் விஷயத்தில் அலட்டிக்கொள்ளாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அடுத்த சில இரவுகளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் வைத்தியன் இல்லை. இயந்திரவியலில் முதுகலை படித்துவிட்டு, வயிற்றுப் பாட்டுக்கு மென்பொருள் எழுதுகிறவன். அம்மா வாயில் ஒன்றை ஊற்றுவதற்கு முன் அது என்னவென்று பார்த்துவிடலாமே என்று கிளம்பியவன், அவ்வளவுதான்.

மரத்தின் தாவரவியல் பெயர் மக்னோலியா அஃபிசினாலிஸ். 20 மீட்டர் வரை வளரும். பெரிய பெரிய இலைகள், கிண்ணம் போல வெள்ளைப் பூ, நல்ல மணம். ஸெச்சுவான், ஹூபே, ஜெஜியாங் மலைப்பகுதிகளுக்கு உரியது. ஸெச்சுவான் பட்டைக்குத்தான் சந்தையில் மதிப்பு என்று செங்டு நண்பர் சொன்னபோது ஊர்ப் பாசம் என்று நினைத்தேன், புத்தகங்களும் அதையேதான் சொல்கின்றன. நமக்கு இந்த மரம் அந்நியமில்லை. நம் செண்பகம் இதற்கு நெருங்கிய உறவு. முன்பு செண்பகத்தை மிச்சேலியா என்று தனி இனமாக வைத்திருந்தார்கள். பிறகு மிச்சேலியா மொத்தத்தையும் மக்னோலியாவுக்குள் கொண்டுவந்துவிட்டதால் செண்பகம் இப்போது மக்னோலியா சம்பகா. தலையில் வைத்துக்கொண்ட பூவின் பங்காளி வீட்டுப் பட்டையைத்தான் கஷாயம் போடப் போகிறோம் என்றதும் அம்மாவுக்குப் பாதிச் சந்தேகம் போயிற்று.

ஏப்ரல் முதல் ஜூன் வரை பட்டை உரிப்பார்கள். மரத்துக்குப் பதினைந்து இருபது வயதாவது ஆகியிருக்க வேண்டும். அடிமரம், கிளை, வேர் மூன்றின் பட்டையும் மருந்துதான். கிளைப்பட்டையையும் வேர்ப்பட்டையையும் நிழலில் காயவைத்தால் போதும். அடிமரப் பட்டைக்குத்தான் வேலை அதிகம். கொதிநீரில் லேசாக வேகவைத்து, ஈரமான இடத்தில் குவித்து மூடி வைப்பார்கள். இதற்கு 'வியர்க்க வைப்பது' என்று பெயர். உட்புறம் கருஞ்சிவப்பாக மாறும்வரை வியர்க்கவிட்டு, மறுபடி ஆவியில் வைத்து இளக்கிச் சுருட்டிக் காயவைப்பார்கள். கடைசியில் இஞ்சிச் சாற்றில் ஒரு பக்குவம் உண்டு. பட்டை 100 கிலோவுக்கு இஞ்சி 10 கிலோ என்று சீன அரசின் மருந்து நூல் கணக்கே கொடுக்கிறது. பச்சைப் பட்டை தொண்டையைக் கரகரக்க வைக்குமாம், இஞ்சி அந்தக் காரலை அடக்கும்.

பட்டை உரிப்பது மரத்துக்கு என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்குகிற வழி பட்டையின் உட்பக்கத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் செத்துப்போகும். அதனால் பெரும்பாலும் மரத்தையே வெட்டி மொத்தமாக உரித்துவிடுவார்கள். காட்டில் தானாக வளரும் ஹோ போ இப்போது சீனாவின் பாதுகாக்கப்பட்ட தாவரப் பட்டியலில் இரண்டாம் வகுப்பில் இருக்கிறது. கடைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் தோட்டத்துச் சரக்கு. இருபது வருஷம் காத்திருந்து ஒரே ஒரு அறுவடை!

சீன மருத்துவ நூல்களில் இந்தப் பட்டை மிகப் பழசு. ஷென்னோங் பெயரால் வழங்கும் மூலிகை நூலில் நடுத்தர வகுப்பில் வருகிறது. சுவை கசப்பும் காரமும், தன்மை சூடு. வேலை இரண்டு: உடம்பில் தேங்கிய 'ஈரத்தை' உலர்த்துவது, மேலே முட்டி நிற்கிற 'சீ'யைக் கீழே இறக்குவது. 'சீ' என்பதை நம் வாயுவோடு சமன் செய்துவிட நமக்கெல்லாம் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அது வேறு சித்தாந்தம், வேறு கணக்கு. ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட முடியாது. நடைமுறையில் எதற்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் புரிந்துவிடும். வயிற்று உப்புசம், மந்தம், குமட்டல், மலச்சிக்கல், சளியோடு வருகிற இளைப்பு. சோங் வம்ச காலத்து அரசு மருந்தகத் தொகுப்பில் 'பிங் வெய் சான்' என்று ஒரு பொடி உண்டு, 'வயிற்றைச் சமாதானம் செய்யும் பொடி'. ஹோ போ, பழுக்கக் காய்ந்த ஆரஞ்சுத் தோல், அதிமதுரம், இன்னொரு கிழங்கு. நம் பாட்டி அஷ்டசூரணத்தை எடுத்து வருகிற சந்தர்ப்பங்களில் சீனத்துப் பாட்டி இதை எடுத்து வந்திருப்பாள்.

ஆனால் இந்தப் பட்டையை உச்சாணியில் வைத்தவர் ஜாங் ஜோங்ஜிங். கி.பி. 200-ஐ ஒட்டி, ஹான் வம்சம் சரிந்துகொண்டிருந்த காலத்து வைத்தியர். அவருடைய குறிப்புகள் பிற்காலத்தில் இரண்டு நூல்களாகப் பிரிந்து நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. ஹோ போ, ரேவல்சின்னிக் கிழங்கு (பெயரிலேயே சீனம் இருக்கிறது பாருங்கள்), காயாகவே பறித்த கசப்பு ஆரஞ்சு. இந்த மூன்றே சரக்கு. கிழங்கு 4 லியாங், பட்டை 2 லியாங், காய் 3 என்று போட்டால் ஒரு மருந்து. காய்ச்சலில் மலம் கட்டிப்போனவனுக்கு. கிழங்கை 4 லியாங்கிலேயே வைத்துப் பட்டையை 8 லியாங் ஆக்கிக் காயை 5 ஆக்கினால் அது வேறு மருந்து, வேறு பெயர். வயிறு உப்பி வலிக்கிறவனுக்கு. கிழங்கை 6 ஆக்கி, காயை 4 ஆக்கி, பட்டையை ஓர் அடி நீளத்துக்கு வெட்டிப் போட்டால் மூன்றாவது மருந்து, மூன்றாவது பெயர். நெஞ்சில் நீர் கோத்து அடைக்கிறவனுக்கு. ஆமாம், ஓர் அடி! பட்டையை எடை போடாமல் முழம் போட்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இப்படி ஒருவர் குறிப்பு எழுதினால் கூட்டம் போட்டுத் திட்டுவோம். ஆனால் அடிப்படை விஷயத்தில் அந்த மனிதர் எவ்வளவு கறாராக இருந்திருக்கிறார் என்பதைப் பாருங்கள். அளவு மாறினால் அது வேறு பொருள், வேறு பொருளுக்கு வேறு பெயர்.

அம்மாவுக்குத் தேவைப்பட்டதும் அவர் எழுதியதுதான். பான் ஷியா ஹோ போ தாங். தொண்டையில் சுட்ட இறைச்சித் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று சொல்கிற பெண்களுக்கு என்று குறிப்பிடுகிறார். அவர் காலத்தில் இறைச்சித் துண்டு, பின்னால் வந்தவர்கள் பிளம் கொட்டை ஆக்கினார்கள், எங்கள் வீட்டில் சைவமாகப் புளியங்கொட்டை. ஐந்து சரக்கு. பான் ஷியா என்பது சேனை, கருணை, சேம்பு குடும்பத்துக் கிழங்கு. கருணையைப் புளி விட்டு வேகவைக்காவிட்டால் தொண்டை என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். இதுவும் அதே ஜாதி; பக்குவம் செய்யாமல் தொடவே கூடாது. அடுத்து ஹோ போ. பிறகு பைன் மர வேரில் வளரும் ஒருவகைப் பூஞ்சை, இஞ்சி, துளசிக் குடும்பத்து இலை ஒன்று. ஏழு பங்குத் தண்ணீரை நாலு பங்காகச் சுண்டக் காய்ச்சி நாலு வேளையாகப் பிரித்துப் பகலில் மூன்று, இரவில் ஒன்று கொடுக்கச் சொல்கிறார். இரவில் அந்த ஒரு வேளை ஏன் என்று யோசித்தேன். அம்மாவின் கொட்டை ராத்திரியில்தான் பெரிதாகும்.

இந்தக் கஷாயம் ஜப்பானுக்குப் போய் 'ஹாங்கே கோபொகு தோ' ஆனது. அங்கே வேறொரு மக்னோலியாவின் பட்டையையும் 'கோபொகு' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இன்றும் அங்கே நவீன மருத்துவம் படித்த டாக்டர்களே இதைத் துகளாக எழுதிக் கொடுக்கிறார்கள், அரசுக் காப்பீடும் உண்டு. முதியவர்களுக்கு உணவும் எச்சிலும் தடம் மாறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருவது பெரிய தொல்லை. தொஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஒரு சிறிய சோதனையில், மறதி நோயுள்ள முதியவர்கள் நூறு பேருக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டு ஒரு வருடம் பார்த்திருக்கிறார்கள். கஷாயத் துகள் சாப்பிட்டவர்களுக்கு நிமோனியா குறைவாகவே வந்தது. கவனத்துக்குரிய விஷயம். ஆனால் சின்ன ஆய்வு. ஐந்து சரக்கில் எது வேலை செய்தது என்றும் அதிலிருந்து தெரியாது. பட்டைக்கு மட்டும் மாலை போட்டுவிடக் கூடாது.

பட்டைக்குள் இருப்பது என்ன? கடைக்காரர் காட்டிய மினுக்கம்தான் முக்கியம். மக்னோலால், ஹோனோகியால் என்று இரண்டு வேதிப்பொருள்கள். இரண்டிலும் 18 கார்பன், 18 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். அணுக்கள் அதே, கட்டின விதம் வேறு. இவை இரண்டும் சேர்ந்து குறைந்தது 2 சதவீதமாவது இருந்தால்தான் சரக்கு தேறும் என்பது சீன மருந்து நூலின் விதி. எலிகளுக்குக் கொடுத்தால் பதற்றம் குறைகிறது, அதிகம் கொடுத்தால் தூங்கிவிடுகின்றன. மூளையில் தூக்க மாத்திரைகள் போய் உட்கார்கிற அதே 'காபா' வாயிலில் இவையும் கைவைக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். வாய்க் கிருமிகளைக் கொல்வதால் சூயிங்கம்மில் சேர்த்தும் பார்த்தார்கள். புற்றுநோய் அணுக்களைக் கண்ணாடிக் குப்பியில் கொல்கிறது என்று இணையத்தில் படிப்பீர்கள். குப்பியில் கொல்லாத வஸ்து எது? மனிதர்களில் செய்த தரமான சோதனைகள் மிகக் குறைவு என்பதுதான் நிலவரம். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதோடு சேர்க்காமல் இருப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்குக் கவனம் என்று சீன நூல்களே எச்சரிக்கின்றன.

இதுவரை படித்தபோது அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம் என்றே தோன்றியது. அப்போதுதான் பிரஸ்ஸல்ஸ் கதை கண்ணில் பட்டது.

பெல்ஜியத்தின் தலைநகரில் ஒரு உடல் மெலிப்பு நிலையம். பதினைந்து வருடங்களாக உருப்படியாக நடந்துகொண்டிருந்தது. 1990-ல் தங்கள் மாத்திரைகளில் இரண்டு சீன மூலிகைப் பொடிகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஒன்று மக்னோலியா, அதாவது நம் ஹோ போ. இன்னொன்று ஸ்டெஃபானியா என்ற கொடியின் வேர், சீனத்தில் 'ஃபாங் ஜி'. மாத்திரைக்குள் பசியடக்கும் நவீன மருந்துகளும் இருந்தன. இந்தக் கூட்டணி எந்தச் சீன வைத்திய நூலிலும் இல்லாத கூட்டணி. 1992-ல் நகரத்துச் சிறுநீரக மருத்துவர்களிடம் இளம்பெண்கள் வரத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் சிறுநீரகம் மாதக் கணக்கில் மளமளவென்று சுருங்கிக்கொண்டிருந்தது. விசாரித்தால் எல்லோரும் போன இடம் ஒன்றே. வான்ஹெர்வெகெம் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 1993-ல் 'லான்செட்' இதழில் ஒன்பது பெண்களைப் பற்றி எழுதினார்கள். அத்தனை பேரும் ஐம்பது வயதுக்குக் கீழ். பிற்பாடு எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

எங்கே தவறு? ஹோ போவைச் சந்தேகித்தார்கள், ஸ்டெஃபானியாவைச் சந்தேகித்தார்கள். இரண்டுக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கிற பெயர் அதுவரை கிடையாது. 1994-ல் பொடிகளைத் துருவிப் பார்த்தபோது விடை கிடைத்தது. ஸ்டெஃபானியா என்று வந்து இறங்கிய மூட்டைகளில் பெரும்பாலானவற்றில் ஸ்டெஃபானியாவே இல்லை. இருந்தது அரிஸ்டோலோகியா என்ற முற்றிலும் வேறு குடும்பத்துக் கொடியின் வேர். சீனத்தில் ஸ்டெஃபானியாவை 'ஃபென் ஃபாங் ஜி' என்பார்கள். அரிஸ்டோலோகியாவை 'குவாங் ஃபாங் ஜி' என்பார்கள். சந்தையில் இரண்டும் வெறும் 'ஃபாங் ஜி'. முன்னால் இருந்த ஒரு அசை உதிர்ந்துபோனதில் நூறு பேருக்குமேல் சிறுநீரகம் போயிற்று. ஒரே பெயருள்ள இரண்டு மாறிகள் மோதினால் எங்களுக்கு நிரல் படுத்துவிடும்; ராத்திரி உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். இங்கே சரிசெய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அரிஸ்டோலோகியாவில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்குவதோடு நிற்காது. மரபணு இழையில் போய் ஒட்டிக்கொண்டு எழுத்தை மாற்றிவிடும். நோர்டியே என்ற மருத்துவரின் குழு 2000-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்ட கணக்கு படிக்கவே பதைக்கும். சிறுநீரகம் செயலிழந்த 39 பேர் முன்னெச்சரிக்கையாகத் தங்கள் பழைய சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் எடுத்துவிடச் சம்மதித்தார்கள். எடுத்துப் பார்த்ததில் 18 பேருக்குப் புற்றுநோய். மாத்திரையை நிறுத்திப் பல வருடங்கள் ஆனபிறகு! பால்கன் பகுதியில், டான்யூப் ஆற்றின் கிளைகளை ஒட்டிய கிராமங்களில் பல தலைமுறையாக விளங்காமல் இருந்த ஒரு சிறுநீரக நோய்க்கும் இதே அமிலம்தான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. கோதுமை வயலில் களையாக முளைத்த அரிஸ்டோலோகியாவின் விதை மாவோடு கலந்து ரொட்டிக்குள் போயிருக்கிறது. 2001-ல் அமெரிக்க உணவு மருந்துத் துறை எச்சரிக்கை விடுத்தது. 2004-ல் சீனா குவாங் ஃபாங் ஜியைத் தன் மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலையை வைத்திருக்கும் அதே முதல் வகுப்பில் இதையும் வைத்திருக்கிறது.

ஆரம்பத்தில் இந்த நோய்க்கு 'சீன மூலிகைச் சிறுநீரக நோய்' என்றுதான் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் ஹோ போவும் சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டது. பிறகு 'அரிஸ்டோலோகிக் அமிலச் சிறுநீரக நோய்' என்று திருத்தினார்கள்.

இதையெல்லாம் ஓர் இரவு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அரிஸ்டோலோகியா நம் ஊரில் உண்டா என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன். அரிஸ்டோலோகியா இண்டிகா, தமிழில் ஈசுவரமூலி, பெருமருந்து, கருடக்கொடி. அரிஸ்டோலோகியா பிராக்டியோலேட்டா, தமிழில் ஆடுதின்னாப்பாளை. வாசித்து முடிப்பதற்குள் அம்மா எழுந்து தன் பெட்டியிடம் போனாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டலங்களில் ஒன்றைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். காகிதத்தில் பேனாவால் எழுதியிருந்தது: ஆ.தி. பாளை. காலில் வருகிற அரிப்புக்காக நாட்டு மருந்துக் கடையில் வாங்கினது. வெந்நீரில் அரை ஸ்பூன், எப்போதாவது. எத்தனை மாதமாக என்று கேட்டேன். மாதம் இல்லை, இரண்டு வருஷமாக என்றாள்.

மூன்று வாரமாக நான் சீனத்துப் பட்டையைத் துப்பறிந்துகொண்டிருந்தேன். அது அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

சித்த மருத்துவத்தில் இந்தப் பாளைக்கு நெடிய வரலாறு உண்டு. பூச்சிக்கும் தோல் நோய்க்கும் பாம்புக் கடிக்கும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரலாற்றை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் இருபது வருடம் கழித்து வருகிற புற்றுநோயை எந்த ஊர் வைத்தியர் பத்து நாள் கொடுத்த பொடியோடு முடிச்சுப் போட்டிருக்க முடியும்? பெல்ஜியத்தில்கூடக் கண்டுபிடிக்க முடிந்தது எல்லோரும் ஒரே வாசலில் ஏறி இறங்கியதால்தான். சிதறிக் கிடந்திருந்தால் அதுவும் ஒரு விளங்காத சிறுநீரக நோயாகவே போயிருக்கும். "தலைமுறை தலைமுறையா சாப்பிடறோம், ஒண்ணும் ஆகலையே" என்கிற நம் வாதம் இங்கே நிற்காது.

பொட்டலத்தை மூடிக் குப்பையில் போட்டேன். அம்மா ஆட்சேபிக்கவில்லை. "ஆடுகூடத் தின்னாதுன்னு பேரிலேயே எழுதி வெச்சிருக்கான். நான்தான் ஆட்டைவிட மோசம்" என்றாள்.

மறுநாள் குடும்ப மருத்துவரிடம் போய்க் கூச்சத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிஸ்டோலோகியா என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ரத்தம், சிறுநீர் இரண்டையும் சோதித்தார். கிரியாட்டினின் 0.8. சிறுநீரில் புரதம் இல்லை. இப்போதைக்குச் சரி, வருடா வருடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஹோ போ கஷாயத்தின் ஐந்து சரக்குப் பெயர்களையும் எழுதி நீட்டினேன். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற சீன மருத்துவரிடம் வாங்கிப் பத்து நாள் வேண்டுமானால் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

கொடுத்தோம். நல்ல கசப்பு. மூன்றாவது வாரத்தில் புளியங்கொட்டை காணாமல் போயிற்று. பட்டை செய்ததா, இஞ்சி செய்ததா தெரியாது. அதே வாரத்தில்தான் அடுத்த தெருத் தெலுங்குப் பாட்டி ஒருவர் அம்மாவைக் காலை நடைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது, ஆனால் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவார்கள். ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்த சோதனையில் இதற்கு மேல் சொல்ல முடியாது.

அம்மா ஊருக்குப் போய் ஒவ்வொரு ஜனவரியிலும் ரத்தப் பரிசோதனை செய்து தாளைப் படமெடுத்து அனுப்புகிறாள். அன்று கடையில் வாங்கிய பட்டையில் ஒரு துண்டு இன்னும் எங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலில் இருக்கிறது. 'ஹோ போ, மக்னோலியா அஃபிசினாலிஸ், 2018' என்று முழுப் பெயர் எழுதி ஒட்டினேன். அதற்குக் கீழே மனைவி எழுதியிருக்கிறாள்: 'பிரியாணிக்கு இல்லை.'